கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்

மேல் வரிசையில் 6, 1, 8. நடுவில் 7, 5, 3. கீழே 2, 9, 4. நெடுக்காகவோ குறுக்காகவோ மூலைக்கு மூலையாகவோ, எப்படிக் கூட்டினாலும் 15 வரும். சூரியனுக்குப் பரிகாரமாகச் சோதிடர்கள் எழுதி வைக்கச் சொல்லும் கட்டம் இது. ஒன்பது அறைகளிலும் ஒவ்வொன்று கூட்டிக்கொண்டால் 18; அது சந்திரனுடையது. இன்னும் ஒவ்வொன்று கூட்டினால் செவ்வாய்க்கு 21. இப்படியே புதன், குரு, சுக்கிரன், சனி, ராகு என்று ஏறிக் கேதுவுக்கு 39இல் நிற்கும். கட்டங்கள் ஒன்பது இருந்தாலும் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றைத்தான்.

கூக்காலில், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து செப்புத் தகட்டில் இதை எழுதிக்கொண்டிருந்தவர், அறைகளை வரிசை வரிசையாக நிரப்பவில்லை. மேல் வரிசையின் நடு அறையில் 1. பிறகு கீழே இடது மூலைக்கு இறங்கி 2. அங்கிருந்து வலப்பக்க நடு அறைக்கு ஏறி 3. அதன் கீழே 4. நடுவில் 5. சிறிய எண்ணில் தொடங்கிப் பெரிய எண்ணில் முடிக்க வேண்டும் என்பது முறை. அடுத்து எந்த அறை என்று யோசிக்க அவர் ஒருமுறைகூட எழுத்தாணியை நிறுத்தவில்லை. ஒன்பதாவது எண்ணை எழுதிய பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

“கூட்டிப் பாருங்க தம்பி” என்றார். கூட்டினேன். 15.

அவருக்குச் சொந்த ஊர் பழனி அடிவாரம். விளக்கும் பாத்திரமும் செய்த குடும்பம். தகடு எழுதும் வேலை அப்பாவிடமிருந்து வந்தது. மலையில் யாராவது வீடு கட்டினாலோ ஊர்க்கோயிலில் திருப்பணி நடந்தாலோ ஆள் அனுப்புவார்கள். செம்பையும் அரக்கையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு ஏறி வருவார். இங்குள்ளவர்கள் அவரை ‘ஆசாரியண்ணே’ என்று கூப்பிடுகிறார்கள்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை தாண்டி வரும் சாலையில் கிளை பிரிந்தால் கூக்கால். ஏரி ஒருபக்கம், சோலைக்காடு ஒருபக்கம், நடுவில் படிப்படியாய் வெட்டிய காடுகள். இங்கே காடு என்றால் தோட்டம். மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைவது இந்தப் பகுதியில்தான். விளைந்ததைக் கெடுக்க உறைபனி இருக்கிறது. மேய்ந்துவிட்டுப் போகக் காட்டுமாடு இருக்கிறது. எல்லாம் தப்பி மூட்டை கட்டினால் அன்றைக்குச் சந்தையில் விலை இருக்காது. இத்தனை நிச்சயமின்மைக்கு நடுவில் வீட்டு நிலைக்கு மேல் ஒரு தகடு வேண்டும் என்று ஒருவர் கேட்பதைப் பட்டணத்தில் இருந்துகொண்டு லேசாகப் பேசிவிடக் கூடாது.

வேலை தகட்டில் தொடங்குவதில்லை, நெருப்பில் தொடங்குகிறது. வாங்கி வந்த செப்புத் தகடு விறைப்பாக இருக்கும். அதை அப்படியே கீறினால் எழுத்தாணி வழுக்கிக் கோடு தடம் மாறும். அதனால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுகிறார். இரும்பை இப்படிச் செய்தால் கடினமாகும், செம்பு இளகும். காய்ச்சியதில் ஏறிய கருப்பைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் புளியின் அமிலம் அதைக் கரைத்து எடுத்துவிடும், தகடு இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும். பிறகு பலகையில் அரக்கை உருக்கி ஊற்றி அதன்மேல் தகட்டைப் பதிக்கிறார். அரக்கு ஆறியதும் தகடு அசையாது. உளியின் அழுத்தத்தையும் தாங்கிக்கொள்ளும்.

எழுத்தாணிக்கும் சிற்றுளிக்கும் வேலை வேறு. எழுத்தாணி செம்பை ஒதுக்கிப் பள்ளம் போடும். ஒரு துளியும் வெளியே வராது. சிற்றுளி செம்பைச் சீவி எடுக்கும். சுருட்டித் தாயத்துக் குழலுக்குள் போகும் மெல்லிய தகட்டுக்கு எழுத்தாணி போதும். பூசையில் வைத்து நாள்தோறும் பாலும் சந்தனமும் படும் தகட்டுக்கு உளிவெட்டுத்தான் நிற்கும். குருவுக்குப் பொன், சுக்கிரனுக்கு வெள்ளி, சனிக்கு இரும்பு என்று உலோகம் பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. நடைமுறையில் எல்லாமே செம்பில்தான் எழுதப்படுகிறது. விலையும் கட்டும், கைக்கும் இணங்கும்.

அன்று அந்த வீட்டுக்கு இரண்டு தகடுகள். ஒன்று சூரியக் கட்டம். மற்றது அறுகோணம்: ஒன்றன்மேல் ஒன்று தலைகீழாகக் கிடக்கும் இரண்டு முக்கோணங்கள், ஆறு முனைகளில் ச, ர, வ, ண, ப, வ, நடுவில் ஓம். இந்த மலையில் இதைக் கேட்காத வீடு குறைவு. பக்கத்துப் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. பழனியைப் போலவே இங்குள்ள நவபாஷாணச் சிலையையும் போகர் செய்தார் என்பது மரபு. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். முருகன் பேர் சொன்னால் இங்கே மறுபேச்சு இல்லை. அறுகோணம் பார்வைக்கு எளிது. கவராயத்தின் காலை விரித்த அளவு மாறாமல் வட்டத்தைச் சுற்றி அடியெடுத்து வந்தால் ஆறாவது அடி தொடங்கிய புள்ளியிலேயே விழ வேண்டும். மயிரிழை தள்ளி விழுந்தாலும் அவர் அழித்துவிடுகிறார். சிறு தகடுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு, “நான் பாத்துட்டேனே” என்றார்.

கோயில்களில் இது இன்னும் கண்ணுக்கு மறைந்த வேலை. சிலையை நிறுவும்போது பீடத்தின் குழியில் எந்திரத் தகட்டை வைத்து, மேலே சிலையை நிறுத்தி, சுற்றிலும் அஷ்டபந்தன மருந்தை இடித்து அடைக்கிறார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், கற்காவி, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்ந்த மருந்து அது. அடுத்த குடமுழுக்குக்கு, வழக்கமாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, மருந்தைப் புதுப்பிப்பார்கள். தகட்டை எழுதியவர் யார் என்று அதற்குள் ஊரே மறந்திருக்கும்.

இந்தக் கட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 900ஐ ஒட்டி எழுதப்பட்ட விருந்தரின் ‘சித்தயோகம்’ என்ற மருத்துவ நூலில், பேறுகாலத்தில் தவிக்கும் பெண்ணுக்குக் காட்டச் சொல்லி ஒரு மூன்றுக்கு மூன்று கட்டம் இருக்கிறது. எப்படிக் கூட்டினாலும் 30 வரும். நம் சூரியக் கட்டத்தின் எண்களை இரட்டித்துத் திருப்பிப் போட்டது அது. கஜுராஹோவின் பார்சுவநாதர் கோயிலில் நான்குக்கு நான்கு கட்டம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதன் கூட்டு 34. 1356இல் நாராயண பண்டிதர் ‘கணித கௌமுதி’யில் இவற்றைக் கணக்காகவே எடுத்துக்கொண்டு வகுத்துக் காட்டினார். கும்பகோணத்து ராமானுஜனின் நோட்டுப்புத்தகமும் மாயச் சதுரங்களில்தான் தொடங்குகிறது. திருமூலர் திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம் முதல் நவாக்கரி சக்கரம் வரை சக்கரங்களையே பேசுகிறார். கணக்கும் பக்தியும் மருத்துவமும் ஒரே கட்டத்துக்குள் பல நூற்றாண்டுகள் குடியிருந்திருக்கின்றன.

ஸ்ரீசக்கரம் என்று வந்துவிட்டால் ஆசாரியின் பேச்சு மெதுவாகிறது. மேல்நோக்கி நான்கு, கீழ்நோக்கி ஐந்து; ஒன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்களைப் பிறப்பிக்க வேண்டும். அவர் கற்ற முறையில் வட்டத்தின் விட்டத்தை 48 பங்காகப் பிரிக்கிறார்கள். மேலிருந்து 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6 என்று இறங்கி ஒன்பது குறுக்குக்கோடுகள் இழுத்தால் கடைசியில் 6 பங்கு மிஞ்சும். அளவு சொல்லிவிடுவது எளிது. மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூட வேண்டிய இடங்கள் உண்டு; அவற்றுக்கு மர்மம் என்று பெயர். ஒரு மர்மத்தைச் சரிசெய்தால் இன்னொன்று விலகும். 1984இல் ருஷ்ய ஆய்வாளர் குலைச்செவ் இந்திய அறிவியல் வரலாற்று ஆய்விதழில் இந்த உருவத்தின் கணிதத்தை எழுதினார். கணிப்பொறியை வைத்துத் தேடும் அளவுக்குச் சிக்கலானது அது. ஆசாரி முதலில் காகிதத்தில் வரைகிறார், எல்லா மர்மங்களும் கூடும்வரை. பிறகுதான் செம்பு.

இந்த வேலைக்கு இப்போது கூலி கட்டவில்லை. கடைகளில் அச்சுத்தகடு கிடைக்கிறது. இயந்திரம் ஒரே அழுத்தில் அடித்துத் தள்ளுகிறது, மஞ்சள் பூச்சு மின்னுகிறது. அந்த வீட்டுக்காரர் முன்பு வாங்கி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்து காட்டினார். சனிக்கட்டம். 12, 7, 14. அடுத்த வரிசையில் 13, 11, 6. கூட்டினால் 30, வர வேண்டியது 33. அச்சு செய்தவர் கையில் 9 தலைகீழாகிவிட்டிருக்கிறது. அதே அச்சில் எத்தனை தகடு அடித்தார்களோ, எத்தனை பூசையறையில் அது இருக்கிறதோ. ஆசாரிக்குக் கோபம் வந்ததை அன்று அப்போதுதான் பார்த்தேன். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “கணக்கே தப்பு” என்றார்.

எனக்கும் அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு தகட்டோடு இரண்டு வாக்குறுதிகள் வருகின்றன. கோடு கூடும், கணக்குச் சரியாக வரும் என்பது எழுதுகிறவர் தருவது. கடன் தீரும், பிள்ளை பிறக்கும், வழக்கு வெல்லும் என்பது விற்கிறவர் தருவது. முதலாவதை எந்தக் குழந்தையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதைச் சோதிக்கப் போனவர்கள் உண்டு. சாதகத்தைப் பார்த்தே கெட்டிக்காரக் குழந்தையையும் மனவளர்ச்சி குன்றிய குழந்தையையும் பிரித்துச் சொல்ல முடியுமா என்று விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் மகாராட்டிரச் சோதிடர்களிடம் நடத்திய சோதனையில் 27 பேர் ஆளுக்கு 40 சாதகம் பார்த்தார்கள். சரியாக வந்தது சராசரியாக 46 விழுக்காடு; நாணயம் சுண்டியிருந்தால் பாதி வந்திருக்கும். 2021 சனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அற்புத சக்தி உண்டென்று சொல்லித் தொலைக்காட்சியில் அனுமன் சாலிசா எந்திரம் விற்கும் விளம்பரங்கள் மகாராட்டிரத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு. ஏழரைச் சனி என்றாலே கலங்கிப்போகிறவரிடம், அந்த ஏழரை ஆண்டுக் கலக்கத்தையே காசாக்குவது கொடுமை. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. அதன் சுற்று அப்படி. தகடு வாங்கியவருக்காக அது வேகம் கூட்டாது.

ஆனால் இந்தக் கோபத்தில் ஆசாரியையும் சேர்த்து அடித்துவிடக் கூடாது என்பதுதான் என் வழக்கு. அவர் விற்பது பயத்தை அல்ல. கூக்காலில் பிற்பகல் பனிமூட்டம் ஏறும் நேரம், பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வந்து நின்றார். காட்டுமாடு பூண்டுக்காட்டை மிதித்துவிட்டதாம். நான்கு மூலைக்கும் புதைக்க நாலு தகடு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். கேட்டவர் கையில் பணமும் இருந்தது.

“அதுக்கு வேலிய சரி பண்ணுங்கண்ணே” என்றார் ஆசாரி. “தகடு சாமி மாடத்துல இருக்கட்டும். ஒண்ணு போதும்.”

தோட்டக்காரர் யோசித்துவிட்டு ஒரு அறுகோணத்துக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மீதிப் பணம் கம்பிக்கு ஆகும் என்று வீட்டுக்காரரிடம் முனகியது காதில் விழுந்தது.

ஆசாரியின் தங்கை மகன் பழனியில் கணிப்பொறியில் படம் போட்டு லேசரில் வெட்டித் தருகிறான். ஸ்ரீசக்கரத்தின் 48 பங்கு அளவையும் மாமன்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கோடு கூடினால் சரி என்கிறார். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் தாளில் எடுத்து அவரிடம் காட்ட வேண்டும். சென்ற வாரம் காட்டிய ஒன்றில் இரண்டு மர்மம் விலகியிருந்ததாம். திருப்பி அனுப்பிவிட்டார்.