டபுள் கெப்பா, பட்டாவா?



வாகனம் எடுப்பது பற்றிப் போன மாதம் இங்கே கேட்டிருந்தோம். அரைவாசிப் பேர் "டபுள் கெப் எடுங்கோ சேர், பார்க்க எடுப்பா இருக்கும்" என்றீர்கள். கேட்டுவிட்டு முடிவைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

எங்கள் தேவை சின்னது. தம்பி யாழ்ப்பாணத்தில் அரிசி, மரக்கறி, சோடாப் பெட்டி, சில நாளைக்கு நாலைந்து சீமெந்துப் பை ஏற்றி வந்து குறிகட்டுவானில் இறக்க வேண்டும். அங்கிருந்து சாமான் படகில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும். மற்ற நேரம் வேலணைக்குள்ளேதான் ஓட்டம், ஒரு தடவைக்கு நாலு கிலோமீற்றர் வந்தால் பெரிசு.

முதலில் பார்த்தது தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸ் டபுள் கெப். 2.8 லீற்றர் டீசல், டர்போ இல்லை. பழைய பம்ப் என்பதால் எந்தக் கராஜிலும் திருத்தலாம். தம்பி ஏறி இருந்ததுமே மயங்கிவிட்டான். கூட வந்த மெக்கானிக் அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கீழே படுத்து ஸ்குரூ டிரைவரால் செசியைத் தட்டிக்கொண்டே போனார். பின் வில்லுக்குக் கிட்ட ஒரு இடத்தில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது! பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். உப்புக் காற்று பெயின்டை விட்டுவிட்டு உள்ளே இருந்துதான் தின்னும். தீவுப்பகுதியில் ஓடிய வாகனம் பார்க்கப் போகிறவர்கள் என்ஜின் சத்தம் கேட்க முதல் குனிந்து கீழே பாருங்கள்.

அடுத்தது கொமன் ரெயில் கெப். 2020இல் இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025இல் திறந்த பிறகும் ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டுவதாக இல்லை. விலையை விட்டாலும், டீசல் என்ஜின் சூடாகி ஓட வேண்டியது. நாலு கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினால் கரி படியும். இப்போது வரும் கெப்களில் புகைக் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய நீண்ட ஓட்டம் வேண்டும். எங்கள் ஓட்டத்துக்கு அது அடைபட்டே கிடக்கும். வெறும் தட்டோடு போனால் வில்லு குதிக்கிற குதி வேறு.

கடைசியில் டிமோ பட்டா. 2005இல் இந்தியாவில் வந்த டாடா ஏஸ்தான் இங்கே பட்டா; தமிழ்நாட்டில் அதைக் குட்டி யானை என்பார்கள். இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை வலு. அந்த ஹைலக்ஸ் என்ஜினில் நாலில் ஒரு பங்கு. மலைநாட்டில் என்றால் யோசிக்கலாம், தீவில் ஏற்றம் என்று எதைச் சொல்வது? சோளகக் காற்றுக்குப் பாலத்தில் கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். 2022 யூனில் டீசல் 460 ரூபாய்க்குப் போனதும், பிறகு கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதும் மறக்கவில்லை. குறைய குடிக்கிற வாகனமே எங்களுக்குச் சரி.

குறை இல்லாமல் இல்லை. முன்னால் இரண்டு பேர்தான். கிளினிக் நாளில் தம்பியோடு உம்மா போவா, வாப்பா பஸ்ஸில்தான் வர வேண்டும். "உம்மாவை ஏற்ற ஒரு நல்ல வாகனம் இல்லாமல் என்ன உழைப்பு" என்று தம்பி இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வாப்பா இது எதிலும் வாய் திறக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் டீசல் பிக்கப் வைத்திருந்தவர். 1990 ஒக்டோபர் 30, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன அன்று, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் திறப்பை வாங்கிக்கொண்டார்கள். வாகனம் வீட்டு வாசலில் நின்றது. புத்தளத்தில் இருந்த காலம் முழுக்க அவர் சொந்தமாக ஒரு சைக்கிளுக்கு மேல் வாங்கவில்லை.

போன வெள்ளி பட்டா வீட்டுக்கு வந்தது. வாப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், தட்டின் கீழே குனிந்து கையால் தடவினார். பிறகு தம்பியிடம் கேட்டார்: "மற்றத் திறப்பு எங்கே?"

கொடுத்தான். சேர்ட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்கு நடந்தே போனார்.