பின்வளவில் தோண்டியது யார்?

வீட்டின் முன்வாசல் விருந்தாளிகளுக்குரியது. பின்வளவோ எங்களைப் போன்ற பெண்களுக்குரியது. மாவனல்லைப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். குசினிக் கதவைத் திறந்தால் கோழிக்கூடு, கறிவேப்பிலை, ரம்பைப் பற்றை. அதற்கப்பால் பாக்கு, பலா, கித்துள். அதற்கும் அப்பால் யாரோ ஒருவருடைய இரப்பர்த் தோட்டம். எங்கே வளவு முடிகிறது, எங்கே காடு தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட எவராலும் முடியாது. பகலில் அது எங்களுடையது. இரவில் அது யாருடையது என்று நாங்கள் கேட்பதே இல்லை.

2022ஆம் ஆண்டில்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டி வந்தது. அந்த வருடத்தை எந்தக் குடும்பப் பெண்ணும் மறந்திருக்க மாட்டாள். கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மாவுக்கு வரிசை. மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டதும் உண்டு. மூலையில் கிடந்த விறகடுப்பு மீண்டும் குசினிக்குள் வந்தது. வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்த காலம் அது. கட்டாரிலிருக்கும் என் கணவர் தொலைபேசியில், "எதையாவது நட்டு வையுங்க" என்றார். நானும் மாமியுமாகப் பின்வளவைக் கொத்தி நாற்பது மரவள்ளித் தடி நட்டோம். பிள்ளைகளின் பசிக்கு அதுதான் காவல் என்று நினைத்திருந்தோம்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் விறகு பொறுக்கப் போனபோது முதலாவது குழியைக் கண்டேன். பாக்கு மரங்களுக்கு நடுவே பழைய கறையான் புற்றொன்று இருந்தது. அதன் அடிவாரத்தை யாரோ அலவாங்கு கொண்டு இடித்ததைப் போலக் கிடந்தது. ஒரு சிறு பிள்ளையின் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. மண் பின்பக்கமாக வாரி எறியப்பட்டிருந்தது. மூன்று நாட்களின் பின் மேலும் இரண்டு குழிகள்!

ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம் செல்லும்? "புதையல் தோண்ட வந்திருப்பார்கள், புற்றடியில்தான் புதையல் இருக்குமாம்" என்றார் ஒருவர். மாமிக்கோ வேறு பயம். 2011 ஆகஸ்ட்டில் நாடெங்கும் பெண்களை நடுங்க வைத்த கிறீஸ் பூதத்தின் கதை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆண்துணையில்லாத வீடு, இருட்டிய வளவு, நடுச்சாமத்தில் சரசரவென்று மண் கிளறும் சத்தம். அவரைக் குறை சொல்ல முடியுமா? இரண்டு இரவுகள் கதவுக்குப் பின்னால் உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

அடுத்த வளவு நானா மட்டும் பூதத்தையும் நம்பவில்லை, புதையலையும் நம்பவில்லை. "இது பண்டி வேலதான் தங்கச்சி. இண்டைக்குப் புத்து, நாளைக்கு ஒங்கட மரவள்ளி. ஒரு கட்டுத் துவக்கு வெச்சாச் சரி" என்றார். அவருடைய வற்றாளைப் பாத்தியைப் பன்றிகள் ஏற்கெனவே உழுதுவிட்டிருந்தன. மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டிய மனிதர். அவருடைய கோபம் நியாயமானதே.

ஆனால், கட்டுத் துவக்கு என்பது என்ன? குறுக்கே ஒரு கம்பி, கம்பியின் முனையில் நிரப்பிய துவக்கு. கம்பியைத் தட்டியது பன்றியின் காலா, பிள்ளையின் காலா என்று அதற்குத் தெரியாது. சட்டமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த நாட்கள் அவை. என் இரு மகன்மாரும் நானாவின் பிள்ளைகளும் பகல் முழுக்க அந்தப் பாக்கு மரங்களுக்குக் கீழேதான். பக்கத்துச் சிங்கள ஆச்சி விடியுமுன்பே விறகுக்கு வருவார். "ஒரு கிழமை தாருங்க நானா. தோண்டுறது என்னெண்டு பாத்துச் செல்றன்" என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும் தவணை தந்தார்.

பெரிய படிப்பொன்றும் நான் படித்தவளில்லை. ஆனால், குசினியில் தயிர்ச் சட்டியை நக்கியது பூனையா, பிள்ளையா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு இதுவும் முடியாத காரியமல்ல. தின்றதைப் பார்க்கிற மாதிரியே தின்னாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். அதுதான் இரகசியம்.

முதலில் மரவள்ளியைப் பார்த்தேன். நாற்பதில் ஒன்றுகூட அசையவில்லை. பன்றி வந்திருந்தால் இப்படி விட்டுவைக்குமா? பன்றி குழி தோண்டுவதில்லை. மூக்கால் உழும். கூட்டமாக வந்தால் ஏர் பூட்டியது போல நிலம் முழுவதும் புரண்டு கிடக்கும். நானாவின் பாத்தி அப்படித்தான் கிடந்தது, எங்களுடையது அப்படியில்லை. முள்ளம்பன்றியும் அல்ல. அதற்குக் கிழங்கென்றால் உயிர். மரத்தின் அடிப்பட்டையைக் கடித்தாலும் உளி வைத்துச் செதுக்கியது போல அகன்ற பற்தடம் இருக்கும். போகிற வழியில் ஒரு முள்ளையாவது உதிர்த்துவிட்டுப் போகும். (அது முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்பது வெறும் கதை. முதுகு காட்டிக் குத்துமே தவிர எய்வதில்லை.)

பிறகு பெருச்சாளி. சிங்களத்தில் அதை 'ஊருமீயா', அதாவது பன்றி எலி என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் அது சுவரோரத்திலும் கானோரத்திலும் வளை தோண்டி, வாயிலில் மண்ணைக் குவித்து வைக்கும். இத்தனை பலமாகப் புற்றை உடைக்க அதனால் ஏலாது. கீரி தோண்டுவது புழு பூச்சி தேடிச் சிறுசிறு குழிகள், அதுவும் பகலில். மூத்த மகன் உடும்பு என்று பந்தயம் கட்டினான். அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. உடும்பு கறையான் புற்றைத் தோண்டி முட்டையிடுவதுண்டு. ஆனால் உடும்புக்கு வெயில் வேண்டும். எங்கள் விருந்தாளியோ இஷாவுக்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. மரநாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கித்துள் பழத்தைத் தின்று, கொட்டையைக் கல்லின்மேல் எச்சமாக வைத்துவிட்டுப் போகிற பிராணிக்குப் புற்றிலே என்ன வேலை?

மிஞ்சியது புற்று மட்டும்தான். தோண்டியது அதை மட்டுமே தேடி வந்திருக்கிறது. குழியின் உட்சுவரைத் தடவிப் பார்த்தேன். ஈர மண்ணில் ஆழமான கீறல்கள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, முள்ளுக்கரண்டியால் இழுத்தது போல. இன்னொன்றையும் கவனித்தேன். புற்று முழுதாக உடைக்கப்படவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து, தின்று, மிச்சத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. கறையான்கள் இரண்டு மூன்று நாளில் அதைப் பூசி மெழுகிவிட்டிருந்தன. பிறகுதான் அடுத்த வருகை.

மழை விட்ட ஒரு மாலையில், மாமியின் அரிதட்டை எடுத்து மணலைச் சலித்து, புற்றைச் சுற்றி மெல்லிசாகத் தூவி வைத்தேன். மா அரிக்கிற தட்டில் மண் அரித்ததற்கு மாமியிடம் வாங்கிக் கட்டியது தனிக்கதை! இரண்டாவது விடியலில் மணல் பேசியது. பின்னங்கால் தடம் வட்டமாக, குட்டியானையின் பாதத்தைச் சிறிதாக்கியது போல. முன்னங்கால் பட்ட இடத்தில் பாதமே இல்லை. நகங்களை உள்ளே மடித்துப் புறங்கையால் ஊன்றி நடந்த அடையாளம். இடையிடையே வால் இழுபட்ட ஒரு கோடு.

அன்றிரவு குசினி யன்னலருகே மூவரும் விளக்கில்லாமல் காத்திருந்தோம். பதினொரு மணியிருக்கும். சரசரப்புக் கேட்டதும் மகன் டோர்ச்சை அடித்தான். ஒரு நீண்ட பலாக்காய் எழுந்து நடந்தால் எப்படியிருக்கும்? அப்படியொன்று நின்றது. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்தது போல் செதில். சிறிய கூரிய முகம். வெளிச்சம் பட்டதும் ஓடவில்லை, உறுமவில்லை. தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் போர்த்திக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிட்டது. மாமி உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், எங்களவிடப் பயந்திரிக்கி" என்றார். டோர்ச்சை அணைத்தோம். வெகுநேரம் கழித்தே அது அவிழ்ந்து போகும் சத்தம் கேட்டது.

காலையில் ஆச்சியிடம் சொன்னபோது, "அனே துவே, கபல்லாவா!" என்று கையைத் தட்டினார். நாற்பது வருடமாக அதைக் காணவில்லையாம். தமிழில் அது அழுங்கு. எறும்புண்ணி என்றும் சொல்வார்கள். விடாப்பிடிக்காரரை 'அழுங்குப் பிடி' என்கிறோமே, அந்த அழுங்குதான். ஆங்கிலத்தில் வழங்கும் பங்கோலின் என்ற பெயர் மலாய் மொழியிலிருந்து போனது. சுருள்வது என்று பொருள்.

அதற்குப் பல்லே கிடையாது. நீண்ட ஒரு பசைநாக்கு. உணவு எறும்பும் கறையானும் மட்டும். கோழியையும் தொடாது, கிழங்கையும் தொடாது. பொதுவாக ஒரு தடவைக்கு ஒரேயொரு குட்டி. குட்டியைத் தாய் வாலின் அடியில் ஏற்றிக்கொண்டு திரியும். எங்கள் வாசற்கதவின் நிலையை அந்த வருடம் அரித்துத் தின்றது எது? கறையான்தானே! நாங்கள் கட்டுத் துவக்கு வைக்கவிருந்தது, கூலி கேளாமல் கறையான் பிடிக்க வந்த வேலையாளுக்கு.

சுருண்டுகொள்வது சிறுத்தைக்கு எதிராக நல்ல தந்திரம். பல்லுக்கு அகப்படாது. மனிதனுக்கு முன்னால் அதுவே அதன் அழிவு. தேங்காயைத் தூக்குவது போலத் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம். அதன் செதில் எங்கள் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால்தான் ஆனது. அதை மருந்தென்று நம்பிப் பல தேசங்களில் விலைகொடுத்து வாங்கினார்கள். அதனால் 2016இல் ஜொஹன்னஸ்பேர்க்கில் கூடிய நாடுகள், அப்போது அறியப்பட்டிருந்த எட்டு அழுங்கு இனங்களின் சர்வதேச வியாபாரத்தையும் தடைசெய்தன. சீனாவும் 2020இல் தன் அதிகாரபூர்வ மருந்து நூலின் பட்டியலிலிருந்து செதிலை நீக்கியது. எங்கள் நாட்டில் இந்த ஒரே இனம்தான் உண்டு. வனஜீவராசிகள் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. வனஜீவராசிகள் அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தபோது பேசிய ஐயா பொறுமையாக விளக்கினார். பிடித்து வேறிடத்தில் விடவும் வேண்டாம், நாய்களை மட்டும் இரவில் கட்டிவையுங்கள், பலருக்கும் சொல்லித் திரியாதீர்கள் என்றார். கடைசிச் சொல்லின் அருமை ஒரு கிழமையில் விளங்கியது. எங்கள் ஊர்க்காரனல்லாத ஒரு வாலிபன் துவிச்சக்கர வண்டியில் வந்து படலையடியில் நின்றான். "இங்க ஏதோ தோண்டுதாமே. பிடிச்சுத் தந்தா நல்ல கணக்கொண்டு தாறன்" என்றான். ஒரு மூட்டை அரிசிக்கு நாங்கள் அலைந்த காலம். அவன் சொன்ன தொகையில் பல மூட்டைகள் வாங்கலாம். நான் வாய் திறக்குமுன் மாமி வாசலுக்கு வந்தார். "எங்கட வளவுல விக்கிற சாமான் ஒண்டும் இல்ல மகன்" என்றார். அவன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அன்றிலிருந்து ஒரு மாதம்வரை பின்வளவின் படலையை நாங்கள் பூட்டியே வைத்தோம்.

நானாவிடம் மட்டும் மணலில் பதிந்த தடத்தைக் காட்டினேன். நெடுநேரம் குந்தியிருந்து பார்த்தார். கம்பிச் சுருளைத் தன் வளவுக்கே எடுத்துக்கொண்டு போனார். பன்றிக்கு வேலியோரம் பழைய தகரங்களை அடித்தார். அது முழுதாகப் பலன் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓகஸ்ட்டில் மழை குறைந்தபோது எங்கள் புற்றடிக்கு வருகை நின்றுவிட்டது. மரவள்ளி முற்றி, முதற்கிழங்கில் ஒரு பெட்டி நானா வீட்டுக்கும் ஒரு பெட்டி ஆச்சிக்கும் அனுப்பினேன். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த நானாவின் மனைவி, "எங்கட பாக்குக் கொட்டில் முழுக்கக் கறையான் மச்சி. அந்தப் பிராணி திரும்பி வந்தா எங்கட பக்கமும் கொஞ்சம் போகச் செல்லுங்க" என்றார்.