கைதிக்கு மட்டும் உள்ள உரிமை

சாக்ரமென்டோ, கலிபோர்னியா



வருமான வரி கட்டும் ஏப்ரல் வந்தால் இங்கே ஒரு புலம்பல் தவறாமல் கேட்கும்: "வேலை போனால் எனக்கு இன்சூரன்ஸ் கிடையாது; ஜெயிலில் இருப்பவனுக்கு டாக்டர் இலவசம்!"

பாதி உண்மை. மருத்துவம் பெறும் உரிமையை அமெரிக்க அரசியல் சாசனம் ஊராருக்குத் தரவில்லை, கைதிக்குத் தருகிறது. பூட்டி வைத்தவனால் வேறு டாக்டரைத் தேடிப் போக முடியாதே! இலவசம் என்பதுதான் சரியில்லை. 2019 வரை கலிபோர்னியக் கைதி டாக்டரைப் பார்க்க 5 டாலர் கட்டினான். அப்போது சிறையில் அடிமட்டக் கூலி மணிக்கு 8 சென்ட். கணக்குப் போட்டால் அறுபது மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு.

உரிமை வந்த கதை கசப்பானது. 1973இல் டெக்சாஸ் சிறையில் லாரியிலிருந்து பருத்தி இறக்கும்போது ஜே. டபிள்யூ. கேம்பிள் என்ற கைதிமேல் ஒரு பொதி விழுந்தது. முதுகு வலிக்கிறது, வேலை செய்ய முடியாது என்றவரைத் தனிக்கொட்டடியில் போட்டார்கள். வக்கீல் இல்லாமல் தானே மனு எழுதினார். தெரிந்தே கைதியின் நோயை அலட்சியம் செய்வது சாசனம் தடுத்த கொடுந்தண்டனை என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேம்பிள் மட்டும் தோற்றார். 'உன்னைத்தான் பலமுறை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்களே' என்றுவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் மனநலம் குன்றிய கைதிகளுக்காக 1990இல் ஒரு வழக்கு, பொது மருத்துவத்துக்காக 2001இல் இன்னொன்று. சுமார் 80,000 பேருக்கான சிறைகளில் ஏறக்குறைய இரு மடங்கு ஆட்கள். தற்கொலை எண்ணத்தில் இருந்தவர்களை டெலிபோன் பூத் அளவுக் கம்பிக்கூண்டில், கழிப்பறைகூட இல்லாமல் நிறுத்தி வைத்தார்கள். ஒருவர் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கத் தன் சிறுநீரிலேயே நின்றார். வைக்க வேறு இடமில்லை என்றார்கள் அதிகாரிகள். இவ்வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தந்த 2011 தீர்ப்பின் பின்னிணைப்பில் அந்தக் கூண்டுகளின் புகைப்படத்தையே நீதிபதி கென்னடி சேர்த்தார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கைதிகள் தொகையைக் கொள்ளளவின் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது மன்றம். கூட்டம் குறைந்தால்தான் வைத்தியம் நடக்கும் என்பது அதன் நியாயம்.

கூட்டம் குறைந்தது. மனநல மருத்துவர்கள்தான் வரவில்லை. ஆரிகன் எல்லையோரம் இருக்கும் பெலிக்கன் பே போன்ற சிறைக்கு யார் குடிபோவார்கள்? வீடியோவில் நோயாளியைப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை. காலியிடங்களை நிரப்பாததற்காக 2024இல் அந்த மனநல வழக்கின் நீதிபதி கிம்பர்லி முல்லர் மாநில அதிகாரிகள்மீது நீதிமன்ற அவமதிப்பைச் சுமத்தி 11 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டார். மேல்முறையீட்டு மன்றம் மறு ஆண்டு தொகையை மட்டும் திரும்பக் கணக்கிடச் சொன்னது; அவமதிப்பு அவமதிப்புதான் என்றது. ஆள் வைக்காமல் மிச்சம் பிடித்த சம்பளமும் சரி, அபராதமும் சரி, எல்லாம் வரிக்காசுதான். அந்த 1990ஆம் ஆண்டு வழக்கு இன்னும் முடியவில்லை.