என்சைம்களின் சைடு பிசினஸ்

பள்ளிக்கூடத்துல நமக்கெல்லாம் என்ன சொல்லிக்கொடுத்தாங்க? என்சைம்னா பூட்டு, அது வேலை செய்யுற பொருள்தான் சாவி. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. நானும் ரொம்ப வருஷமா அதை அப்படியே நம்பிட்டு இருந்தேன். அந்த நம்பிக்கையில ஓட்டை போட்டது ஈ.கோலை பாக்டீரியா.

அதுகிட்ட இருந்து செர்-பிங்கிற ஜீனை எடுத்துட்டா, செரின்ங்கிற அமினோ அமிலத்தைத் தயாரிக்க முடியாது. குளுக்கோசும் உப்புகளும் மட்டும் கொடுத்தா வளராது, பட்டினிதான். இப்படி ஒவ்வொரு ஜீனை இழந்து பட்டினி கிடக்குற 104 வகை ஈ.கோலைகளை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துல இச்சிரோ மட்சுமுராவின் குழு எடுத்துக்கிட்டாங்க. ஈ.கோலையோட மத்த ஜீன்களையே ஏகப்பட்ட பிரதிகளா உள்ளே அனுப்பிப் பார்த்தாங்க. 2007-ல வந்த முடிவு: 104-ல 21 பிழைச்சுக்கிச்சு!

எல்லாம் ஒரே வழியில பிழைக்கலை. ஆனா செர்-பி கதையைப் பாருங்க. அதைக் காப்பாத்தின ஜீன்கள்ல ஒண்ணு ஹிஸ்-பி. அதோட உத்தியோகமே வேற. ஹிஸ்டிடின் தயாரிப்புல ஒரு மூலக்கூறுல இருந்து பாஸ்பேட்டைக் கழட்டுறது. செரின் தயாரிப்போட கடைசிப் படியும் பாஸ்பேட் கழட்டுறதுதான். அதையும் இது கொஞ்சூண்டு செஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஒரே பிரதி இருந்தப்போ அந்தக் கொஞ்சம் பத்தலை. பிரதிகள் கூடினதும் சிறு துளி பெருவெள்ளம் ஆயிடுச்சு. இத்தனைக்கும் என்சைம்ல ஒரு எழுத்துகூட மாறலை.

சரி, இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கறீங்களா? புது ஜீன் எப்படிப் பிறக்குதுங்கிற கேள்வியே இதுலதாங்க இருக்கு. ஒரு ஜீன் ரெண்டாகி, சும்மா கிடக்குற பிரதி புது வேலை கத்துக்கும்னு சுசுமு ஓனோ 1970-ல எழுதினார். ஆனா சும்மா கிடக்குற பிரதி, புது வேலை கத்துக்கிறதுக்குள்ளயே கெட்டுப்போகத்தானே வாய்ப்பு அதிகம்? சைடு வேலை முன்னாடியே இருந்தா இந்தச் சிக்கல் இல்லை. கூடுதல் பிரதி ஒவ்வொண்ணும் முதல் நாள்லயே சோறு போடுது, அதனால நிலைச்சு நிக்குது. திருத்தம் மெதுவா வரட்டும்.

2012-ல ஆண்டர்சன், ராத் குழுவினர் சால்மொனெல்லாவுல இதை நேர்லயே பார்த்துட்டாங்க. ஹிஸ்டிடின், டிரிப்டோபான் ரெண்டுக்கும் அரைகுறையா வேலை செஞ்ச ஒரே ஜீன், முதல்ல பல பிரதியாச்சு. 3000 தலைமுறைக்குள்ள சில வரிசைகள்ல ஒரு பிரதி ஹிஸ்டிடினுக்கு, இன்னொண்ணு டிரிப்டோபானுக்குன்னு தனித்தனியா தேறிடுச்சு.

இதே தந்திரம் நமக்கு வினையாவும் வரும். மருந்தை லேசா மட்டும் முறிக்கிற ஜீன், பிரதிகள் பெருகினா ஆன்டிபயாட்டிக்கையே தாங்கிடும். மருந்தை நிறுத்தினா கூடுதல் பிரதிகளும் காணாமப் போயிடும். லேப் டெஸ்ட்ல சிக்காமலும் போகலாம்.

பூட்டு-சாவி பாடம் தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பூட்டு வேற சில சாவிக்கும் லேசா அசைஞ்சு கொடுக்கும்னு மட்டும் யாராவது அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.