திரும்பிய விமானம்



ஆரல்வாய்மொழியில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மலை விட்டுக்கொடுத்த கணவாய் வழியே ஆனி, ஆடியில் சீறிவரும் காற்று, சைக்கிளில் செல்வோனைச் சாலையோரம் தள்ளும், குடையைப் பறிக்கும், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும். அதைக் கடவுளின் கோபம் என்று எங்களில் எவரும் சொல்வதில்லை. ஆனால் அதே காற்றும் மழையும் ஒரு விமானத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால், பரணிலிருந்து பஞ்சாங்கம் இறங்கி வந்துவிடுகிறது!

என் வீட்டிலேயே வந்தது. தன் திருமணத்துக்காக வளைகுடாவிலிருந்து புறப்பட்டான் தம்பி. திருவனந்தபுரத்தில் கொட்டும் மழை. விமானம் இறங்க முயன்றது. முடியாமல் மேலேறிக் கொச்சிக்குச் சென்றது. அவன் வீடு சேர மறுநாள் காலையாகிவிட்டது. அதற்குள் உறவினர் கூடித் தீர்ப்பு எழுதிவிட்டனர்: "பெண்ணின் ராசி சரியில்லை. கல்யாணத்தை நிறுத்து!"

மழை பெய்தது மேகம். தண்டனையோ மணப்பெண்ணுக்கு! இதுவா நீதி?

அவர்களிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். விமானம் திரும்பும் வழி, அது புறப்படும் முன்பே கணக்கிடப்படுகிறது. சேருமிடம் வரை செல்ல எரிபொருள். எதிர்பாராத செலவுக்கு, வழக்கமாக அதில் நூற்றுக்கு 5 பங்கு. அங்கே இறங்க இயலாவிடில் மாற்று நிலையம் செல்ல ஒரு பங்கு. இவற்றுக்கும் மேலாக, ஜெட் விமானமானால், 30 நிமிடம் வானில் வட்டமிடப் போதிய இருப்பு. அந்த அரைமணி இருப்பு உழவனின் விதைநெல். பசித்தாலும் அதில் கை வைக்கலாகாது.

கருவிகளின் துணைகொண்டு வழக்கமாக இறங்கும் விமானி, தரையிலிருந்து ஏறத்தாழ 200 அடிக்கு வருமுன் ஓடுபாதையையோ அதன் விளக்குகளையோ கண்டாக வேண்டும். காணாவிடில் மேலேற வேண்டும். மீண்டும் முயலலாம், சற்றுக் காத்திருக்கலாம். ஆனால், மாற்று நிலையத்துக்கென வைத்த எரிபொருள் குறையத் தொடங்குமுன் திரும்பியாக வேண்டும். எரிபொருள் தீர்ந்ததால் அல்ல, தீர்ந்துவிடக் கூடாது என்பதாலேயே திரும்புகிறார்!

திரும்பத் தாமதித்தால்? 2015 ஆகஸ்ட் 18 அன்று தோகாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம், பாதை தெரியாமல் அங்கே மூன்று முறை முயன்றது. பிறகே திருவனந்தபுரம் வந்தது. அங்கும் மூன்று முறை தோல்வி. ஏழாவது முயற்சியில் தரை தொட்டபோது எஞ்சிய எரிபொருள் 349 கிலோ. சில நிமிடங்களுக்கே போதும். விதைநெல்லையும் தின்று தீர்த்த நிலை அது!

கேட்டுக்கொண்டிருந்த அம்மா வினவினார்: "அந்த விமானி சாதகம் பார்த்தா திரும்பினார்?"

"இல்லையம்மா. மழையைப் பார்த்தார், எரிபொருள் அளவைப் பார்த்தார்."

"பிறகு நீங்கள் ஏன் அந்தப் பெண்ணைப் பார்க்கிறீர்கள்?"

கூட்டத்தில் பதிலில்லை. பள்ளிக்கூடம் காணாத அந்தத் தாயின் கேள்வி, என் விளக்கம் முழுவதையும் விட வலிமையாயிருந்தது.

குறித்த நாளிலேயே திருமணம் நடந்தது. அய்யரின்றி, மந்திரமின்றி, 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டமாக்கித் தந்த சுயமரியாதை முறையில்.

தோழர்களே, ஆபத்தை அளந்து, காலத்தில் திரும்பியது அந்த விமானம். மூடநம்பிக்கையின் வழியில் நெடுந்தொலைவு வந்துவிட்ட நாம் திரும்புவது எப்போது?