ஜாதவ்பூரில் நித்தியகல்யாணி

கொல்கத்தாவின் தென்பகுதியில், சியால்டா தெற்கு ரயில் பாதையில் உள்ளது ஜாதவ்பூர். 1947-க்குப் பின் கிழக்கு வங்காள அகதிகள் குடியேறிய ஊர்; 1955-இல் பல்கலைக்கழகமும் பெற்றது. எங்கள் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டபின், மருத்துவமனைக்குச் செல்லும் வழி ஒன்றே நாங்கள் அறிந்த கொல்கத்தா.

வழியில் ஹாஸ்ரா. அங்குள்ள சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950-இல் திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார். 1956-இல் அவரையே இரத்தப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தை பிழைத்தல் அரிது. இன்றோ முறையான சிகிச்சையால் பல பிள்ளைகள் குணமடைகின்றனர். அதற்கான மருந்துகளுள் ஒன்று வின்கிரிஸ்டின். நம்மவர் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. மூட்டை மூட்டையாய் இலை சேர்த்தாலும் இம்மியளவே கிடைக்குமாம்!

வங்காளிகள் அதனை நயனதாரா என்பர். பக்கத்து வீட்டுத் தொட்டியில் அது பூத்திருக்கக் கண்டு, "கர்த்தர் இதை எனக்காகவா வைத்தார், சித்தப்பா?" என்றாள் குழந்தை. நாங்கள் விடை கூறவில்லை.

ஜெபம் போதும், மருந்து வேண்டாம் என்றோரும் உண்டு, அவர்களுக்குச் செவிசாய்த்தோமில்லை. முதலில் நோயை நீக்கும்படி மன்றாடினோம். இப்போது இரவுதோறும் கேட்பது, மறுநாள் ஊசியைத் தாங்கும் பலம் மட்டுமே. குழந்தையோ அடுத்த படுக்கை வங்காளச் சிறுவனுக்காகவும் ஜெபிக்கிறாள். சிகிச்சை முடிய இன்னும் 14 மாதங்கள் உள்ளன.