ப்ளஸ் ஒன்னும் ஒரு பூட்டும்

ப்ளஸ் ஒன் என்கிற வகுப்பு தமிழ்நாட்டில் ரொம்ப காலம் பேருக்குத்தான் இருந்தது. பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு பல தனியார் பள்ளிகளில் ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்து, ரெண்டு வருஷமும் அதையே அரைப்பார்கள். 1200-க்கு எவ்வளவு என்பதுதானே கேள்வி! காலேஜ் போய் முதல் செமஸ்டரில் முழி பிதுங்கினால் அது பையனோட தலையெழுத்து.

இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். ஆனால் 2018-லேயே, கல்லூரிச் சேர்க்கைக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மிஞ்சியது வரிசையாக மூணு வருஷம் மூணு பொதுத்தேர்வு. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்தார்கள். பாரம் குறைந்ததில் சந்தோஷம்தான். பழைய வியாதி திரும்பி வந்துடுமோ என்பதுதான் என் பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அக்கா பொண்ணு இப்போ ப்ளஸ் ஒன். போன வாரம் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். தனி ஊசல் சோதனை. விடை 9.8, அச்சு பிசகாமல். "ஊசலை ஆட்டினியாம்மா?" என்றேன். "இல்ல மாமா, லேப் இனிமேதான். ரீடிங் சீனியர் நோட்டுல இருந்துச்சு."

வீட்டிலிருந்த சின்னப் பூட்டை ஒரு மீட்டர் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். 20 அலைவுக்கு 41 விநாடி. கணக்குப் போட்டால் 9.4-தான் வந்தது. "தப்பா வருதே மாமா, ரீடிங்கை மாத்திடவா?" என்றாள் சாதாரணமாக. எனக்குத் திக்கென்றது. பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த அறிவியல் இதுதானா?

நூலை முடிச்சு வரைக்கும்தான் அளந்திருந்தாள். பூட்டின் நடுப்பகுதி இன்னும் 4 செ.மீ. கீழே இருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். அதைச் சேர்த்ததும் கிட்டத்தட்ட 9.8! அவள் முகத்தைப் பார்க்கணுமே. எந்த வினாத்தாளும் அதைக் கொடுக்காது.

பொதுத்தேர்வு வைத்தாலும் எடுத்தாலும், மனப்பாடத்துக்கே மார்க் என்றால் ஒண்ணும் மாறாது. நான் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. செய்முறைத் தேர்வில் சரியான விடைக்கு மார்க் போடுவதைக் குறைத்து, தானே அளந்த எண்ணுக்கும், அது ஏன் பிசகியது என்று சொல்லத் தெரிந்ததற்கும் மார்க் கொடுங்க. ப்ளஸ் ஒன் பாடம் அந்த வருஷமே நடக்கிறதா என்று வகுப்புக்குள் போய்ப் பாருங்க. நீட் தேர்வுக்கு அந்தப் பாடமும் வேணும். இங்கே விட்டதைப் பிறகு கோச்சிங் சென்டரில் காசு கட்டித்தான் படிக்கணும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

வாத்தியார் வேலையில் இருக்கும் நண்பர்கள் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. உங்க பள்ளியில் ஊசல் ஆடுதா?